தோர்னக்கல் போன திருநெல்வேலிக்காரர்

நம் ஊரின் பெயரே வடக்கை நினைத்து வைத்த பெயர். வடக்கே இருக்கிற காசிக்கு எல்லோராலும் போய்வர முடியாது, அந்தக் காசி இங்கேயே இருக்கட்டும் என்று 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றங்கரையில் விசுவநாதர் கோயிலைக் கட்டினான் என்பது நாம் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த கதை.

வடக்கே போவதும் நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. மும்பை தாராவியில் திருநெல்வேலித் தமிழ் கேட்காத சந்து குறைவு. நம் பழைய மாணவர்களிலேயே பட்டாளத்துக்கும் ரயில்வேக்கும் பேங்குக்கும் என்று வடக்கே போனவர்கள் எத்தனை பேர்! வேலை கிடைத்தது, போனோம். ரிட்டயர் ஆனதும் குற்றாலச் சாரலைத் தேடித் திரும்பி வந்துவிட்டோம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே.

ஆனால் பிழைப்புக்காக இல்லாமல், முன்பின் தெரியாத ஒரு வடக்கத்திக் கிராமப் பகுதிக்குக் குடும்பத்தோடு போய், அந்த ஊர்ப் பாஷையைப் படித்து, அந்த ஜனங்களுக்காகவே முப்பத்தைந்து வருஷம் உழைத்து, கடைசியில் அந்த மண்ணிலேயே அடக்கமான ஒருவர் நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவில் பிறந்தார். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்று பெயர். திருச்சபை வரலாறு படித்தவர்களைத் தவிர நம்மில் பலருக்கு அவரைத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை என்பதால் இம்மலருக்காக எழுதுகிறேன். சேவை, சமூகத் தொண்டு என்றெல்லாம் நாம் பேசுகிறோம். அது எங்கே தொடங்குகிறது என்பதற்கு அவர் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது.

வெள்ளாளன்விளையிலிருந்து

அசரியா 1874-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தார். இன்று அது தூத்துக்குடி மாவட்டம். அன்று எல்லாமே திருநெல்வேலி ஜில்லாதான். தகப்பனார் அந்தக் கிராமத்துச் சபையின் குருவானவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே அவர் காலமானார். தாயார் எல்லன்தான் வளர்த்து ஆளாக்கினார். மெய்ஞ்ஞானபுரம், பாளையங்கோட்டை என்று படித்து, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். கடைசிப் பரீட்சை சமயத்தில் உடம்புக்கு முடியாமல் போய்விட, பட்டம் வாங்காமலே வெளியே வந்தார்.

இதைப் படிக்கும் மாணவத் தம்பி தங்கையர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம். அரியர் இருக்கிறதே என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1895-ல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகச் சேர்ந்தார். தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். 1898-ல் அன்பு மாரியம்மாளைக் கல்யாணம் செய்தார். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் மேற்படிப்புப் படித்தவர் அந்த அம்மையார். வரதட்சணை வாங்கவில்லை; ஊரைக் கூட்டிச் செலவழிக்கவும் இல்லை. நம் பக்கத்தில் இன்றைக்கும் இது சாதாரண விஷயம் அல்ல என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யாழ்ப்பாணம் தந்த வெட்கம்

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள், வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்காமல் தங்கள் சொந்தச் செலவில், கடல் தாண்டித் தமிழ்நாட்டுக் கரையில் தொண்டிப் பக்கத்துக்கு ஆள் அனுப்பி வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு உறைத்துவிட்டது. யாழ்ப்பாணத்துச் சின்னச் சபை நம் கரைக்கு ஆள் அனுப்புகிறது. நூறு வருஷத்துக்கும் மேலாகச் சபையும் பள்ளிக்கூடமும் கண்ட திருநெல்வேலி யாருக்கு என்ன செய்தது?

ஊர் திரும்பியதும் நண்பர்களோடு பேசினார். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் நம்ம ஆள், பணமும் நம்ம பணம், நிர்வாகமும் நம்ம நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. பணம் என்றால் பெரிய பணக்காரர் பணம் இல்லை. சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடி தனியாகப் போட்டு வைக்கும் பிடி அரிசி வழக்கம் திருநெல்வேலிச் சபைகளில் உண்டு. வீட்டுப் பெண்கள் சேர்த்த அந்த அரிசியும் சில்லறையும் சேர்ந்துதான் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வேலையைத் தாங்கியது. சுரண்டை, நல்லூர் என்று இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஊர்களும் அந்தத் திருநெல்வேலிச் சபைகளைச் சேர்ந்தவைதாம்.

1904-ல் சங்கத்தின் முதல் ஊழியர் சாமுவேல் பாக்கியநாதன் புறப்பட்டார். போன இடம் ஹைதராபாத் நிஜாம் சமஸ்தானத்தில் தோர்னக்கல். அந்த வருஷம்தான் நம் தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் ரயில் பாதை முழுசாகத் திறக்கப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். மலையைத் தாண்டிக் கொல்லம் போவதே ஒரு பெரிய பயணமாக இருந்த காலத்தில், சென்னையும் பெஜவாடாவும் தாண்டி, பாஷை தெரியாத ஒரு சமஸ்தானத்துக்குப் போவதென்றால் அது வெளிநாடு போவது மாதிரிதான்.

தானே போனார்

சங்கத்தின் செயலாளராக இருந்து, வாலிபர்களைப் பார்த்து "போங்கள், போங்கள்" என்று அசரியா பேசிவந்தார். ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சு அவரையே குத்தத் தொடங்கியது. ஒய்.எம்.சி.ஏ.வில் நல்ல பதவி; நாடறிந்த பேச்சாளர்; குடும்பம், பிள்ளைகள். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டு, 1909-ல் குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களோடு தோர்னக்கல் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது முப்பத்தைந்து.

தோர்னக்கல் பெரிய ஊர் அல்ல. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்துக்கு ரயில் பிரியும் சந்திப்பு. அந்த ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் காடும் மேடும் சோளக் கொல்லையும். நெல்லும் வாழையும் ஆற்றுப் பாசனமுமாக வளர்ந்த நம்மவர்களுக்கு அந்த வெயிலும் வறட்சியும் கொஞ்ச நஞ்சம் அல்ல. மலேரியா ஒரு பக்கம், காலரா ஒரு பக்கம். காட்டு மிருகங்களின் நடமாட்டம் வேறு. முதலில் கூடாரத்தில்தான் வாசம். வீடும் பள்ளிக்கூடமும் அப்புறம் வந்தவை.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை பாஷை. தெலுங்கில் பேசத் தெரியாவிட்டால் அங்கே ஒன்றும் நடக்காது. ஆங்கிலத்தில் மேடை மேடையாகப் பேசிப் பேர் வாங்கிய மனுஷர், முப்பத்தைந்து வயசில் சின்னப்பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டித் தெலுங்கு படித்தார். படித்து, அந்தப் பாஷையிலேயே பிரசங்கம் செய்தார். துபாஷி வைத்துக்கொண்டு சேவை செய்ய முடியாது. நம்மிடம் ஒருத்தன் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டுமானால், அவன் பாஷை நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கை முதலில் அவனுக்கு வர வேண்டும்.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அசரியா பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. இந்தியர் ஒருவரிடம் அவ்வளவு அதிகாரமா என்று வெள்ளைக்கார மிஷனெரிகளில் பலர் முணுமுணுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் திருநெல்வேலிக்குள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. நம்மவரை நாமே பெரியவராக ஏற்றுக்கொள்ள எப்போதுமே கொஞ்சம் நாளாகும்.

நாலு எதிரிகள்

பிஷப் என்றால் மாளிகையில் இருப்பவர் என்று எண்ணம். இவர் மாட்டு வண்டியிலும் நடையாகவும் கிராமம் கிராமமாக அலைந்தார். அந்த வட்டாரத்தில் அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் தாழ்த்தப்பட்ட சாதியார். நிலம் கிடையாது. ஊருக்கு வெளியே குடிசை. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. கடனுக்குத் தலைமுறை தலைமுறையாக உழைப்பார்கள்.

அழுக்கு, நோய், கடன், குடி என்ற இந்த நாலையும் கிராமத்தின் நாலு எதிரிகளாக அசரியா அடையாளம் காட்டினார். எழுத்தறிவில்லாத இடத்தில் இந்த நாலில் ஒன்றைக்கூட ஒழிக்க முடியாது என்று கண்டு, கிராமம்தோறும் பள்ளிக்கூடம் திறப்பதில் முனைந்தார். பகலில் ஆடு மாடு மேய்க்கப் போகும் பிள்ளைகளுக்கும் கூலிக்குப் போகும் பெரியவர்களுக்கும் இரவுப் பள்ளிதான் ஒரே வழி. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கிராமத்து உபாத்தியாயர் எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். தோர்னக்கல் விடுதிப் பள்ளியில் படிப்போடு விவசாயமும் கைத்தொழிலும் உண்டு. படித்தவன் மண்வெட்டியைத் தொடக் கூடாது என்ற எண்ணம் முளைக்கவே கூடாது என்பது அவர் கருத்து. பெண்களிடையே செய்த வேலையைப் பெரிதும் அன்பு மாரியம்மாள் பார்த்துக்கொண்டார். புருஷன் போன இடத்துக்குப் பின்னாலேயே போனவர் என்று அந்த அம்மாவைச் சொல்லிவிட முடியாது. அந்தச் சேவையில் சரிபாதி அவருடையது.

இதில் சாதியின் கதையும் சொல்லியாக வேண்டும். மாலாவும் மாதிகாவும் ஊருக்குள் ஒடுக்கப்பட்டவர்கள்தாம். ஆனால் தங்களுக்குள் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டார்கள். சபைக்குள் வந்த பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை. கூட உட்கார வைப்பது, கூடச் சாப்பிட வைப்பது, இரண்டு பக்கத்திலிருந்தும் ஆசிரியர்களையும் குருமாரையும் உருவாக்குவது என்று வருஷக்கணக்கில் பாடுபட்டார். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. நம் பக்கத்துச் சபைகளிலும் கோயில்களிலும் தெருக்களிலும் சாதி படுகிற பாட்டைப் பார்க்கிற நமக்கு, அவரைக் குறை சொல்ல என்ன யோக்கியதை?

"உங்கள் காலில் நீங்கள் நில்லுங்கள்"

சேவைக்குப் போகிறவர்கள் செய்யும் ஒரு காரியம் உண்டு. கொடுத்துக் கொடுத்தே, வாங்குகிறவனைக் கடைசி வரை வாங்குகிறவனாகவே வைத்துவிடுவார்கள். அசரியா இதில் மிகக் கண்டிப்பு. எவ்வளவு ஏழையாக இருந்தாலும் நீங்களும் கொடுங்கள் என்றார். ஒரு கைப்பிடி தானியம், ஒரு கோழிமுட்டை, விளைச்சலில் கொஞ்சம். திருநெல்வேலிப் பிடி அரிசி அங்கே சோளமாக மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கிறவனுக்குத்தான் இது நம்முடையது என்ற உரிமை வரும்.

1912-ல் ஏறக்குறைய அரை லட்சம் பேர் இருந்த அந்தத் திருமண்டலம், எல்லையும் விரிந்து, 1941-ல் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. கிராமங்களை நடத்தியவர்கள் உள்ளூர்த் தெலுங்கு ஆசிரியர்களும் குருமாரும். போனவர் தமிழர், அவர் வளர்த்துவிட்டது தெலுங்குத் தலைமையை.

1939 ஜனவரி 6 அன்று தோர்னக்கல் பேராலயம் பிரதிஷ்டை ஆனது. கட்டி முடிக்கப் பல வருஷம் பிடித்தது. மசூதியைப் போலக் கும்மட்டங்கள், நம் கோயில் மண்டபங்களைப் போலத் தூண்கள். இங்கிலாந்துக் கிராமத்துச் சர்ச்சை அப்படியே கொண்டுவந்து நட்டு வைக்க அவருக்கு மனசில்லை.

நம் பராக்கிரம பாண்டியனைப் பற்றி ஒரு செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். தான் கட்டிய கோயிலுக்குப் பிற்காலத்தில் பழுது வந்தால் அதைச் சரி செய்து காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டில் எழுதி வைத்தான். காரியம் தன்னோடு முடியக் கூடாது, பின்னால் வருகிறவர்கள் கையில்தான் இருக்கிறது என்று ராஜாவுக்கே தெரிந்திருந்தது. சேவை செய்கிறவர்களுக்கும் இதுதான் பாடம்.

நண்பர்கள் வேண்டும்

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. பேராளர்களில் ஆசியாக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அங்கே அசரியா எழுந்து பேசினார். நீங்கள் எங்களுக்காகச் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரைக்கூடக் கொடுத்தீர்கள், நன்றி. ஆனால் எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்பது பேச்சின் சாரம். இந்தியரோடு வேலை செய்கிறீர்கள், ஆனால் எத்தனை பேர் சமமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று பொருள். சபையில் பலருக்கு முகம் சுண்டிப்போனது. அந்தப் பேச்சு இன்றைக்கும் பேசப்படுகிறது.

வெள்ளைக்காரனைப் பார்த்து இதைக் கேட்பது பெரிதில்லை. தோர்னக்கலில் அவர் தாமும் வெளியூர்க்காரர், படித்தவர், பதவியில் இருப்பவர். எடின்பரோவில் கேட்ட கேள்விக்குத் தோர்னக்கலில் அவரே ஒவ்வொரு நாளும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பெருமை இங்கேதான் என்பது என் எண்ணம்.

காந்தியடிகளின் கேள்வி

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1936, 37 ஆண்டுகளில் தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டம் கூட்டமாக மதம் மாறுவது பற்றி நாடு முழுவதும் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஏழையின் இல்லாமையைப் பயன்படுத்தி மதம் மாற்றுவது சேவை ஆகாது என்று காந்தியடிகள் 'ஹரிஜன்' இதழில் கடுமையாக எழுதினார். ஏழைக்கும் சொந்தப் புத்தி உண்டு, தனக்கு எது வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமையும் உண்டு என்பது அசரியாவின் பக்கம். இத்தனைக்கும் அவர் அரசியல் சலுகைக்கு அலைந்தவர் அல்ல. கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுக்கிற ஏற்பாட்டையே எதிர்த்தவர். எல்லா இந்தியரோடும் கலந்து நிற்பதே நல்லது என்றார்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் சேவைக்குப் போகிற யாரும், எந்த மதமானாலும் எந்தக் கட்சியானாலும், காந்தி கேட்ட கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் கொடுப்பதற்குக் கைமாறாக எதை எதிர்பார்க்கிறேன்? அசரியா சொன்ன பதிலையும் மறக்கக் கூடாது: வாங்குகிறவன் என்ன, புத்தியில்லாதவனா?

1945 ஜனவரி 1 அன்று அசரியா தோர்னக்கலில் காலமானார். அங்கேயே அடக்கம். அவர் நெடுங்காலம் பாடுபட்ட திருச்சபை ஐக்கியம், தென்னிந்தியத் திருச்சபை என்ற பெயரில் 1947 செப்டம்பர் 27 அன்று நிறைவேறியதைப் பார்க்க அவர் இல்லை. நிஜாம் சமஸ்தானமும் போனது. தோர்னக்கல் இன்று தெலங்கானாவில் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது.

நம் வாசலில்

சேவை செய்ய வடக்கேதான் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி இருக்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் தம் சொந்த ஊரான அந்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாகலின் நினைவாக வைத்த பெயர். ஒரு பஞ்சாபி டாக்டரின் பெயர் நம் பொதிகைச் சீமையில் நிலைத்துவிட்டது. 1992-ல் ஆடிட்டர் எஸ். சங்கரராமன், தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே, அங்கே வந்து சேர்ந்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பஸ்ஸில் போகும்போது போர்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு தடவை இறங்கி உள்ளே போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. இப்போது வடக்கே இருந்து ஜனங்கள் நம்மைத் தேடி வந்திருக்கிறார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று பல இடங்களிலிருந்தும் வந்தவர்கள் தமிழ்நாடு முழுவதும் கட்டட வேலையிலும் ஹோட்டலிலும் மில்லிலும் இருக்கிறார்கள். "பாய், ரெண்டு டீ" என்பதற்கு மேல் நாம் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது என்று சொல்ல அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கேட்க நமக்கு அவர்கள் பாஷை தெரியாது. தாராவியில் நம்மாட்கள் முதலில் போய் இறங்கியபோதும் இதே கதைதான்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்று ஒரு வாரம் கிராமத்துக்குப் போய்ச் சாலை போட்டு, மரம் நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோம். நல்லதுதான். கூடவே ஒரு யோசனை சொல்கிறேன், மாணவர்களும் நம் சங்கமும் சேர்ந்து பரிசீலிக்கலாம். வடக்கே பல வருஷம் இருந்து இந்தியும் வங்காளமும் ஒடியாவும் பேசத் தெரிந்த பழைய மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஓய்வுபெற்று வீட்டில் சும்மாத்தான் இருக்கிறார்கள். அவர்கள் வாரத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால், வந்திருக்கிற தொழிலாளிக்குக் கொஞ்சம் தமிழும், நம் மாணவர்களுக்குக் கொஞ்சம் அவன் பாஷையும் சொல்லிக் கொடுக்கலாம். வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். அவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு நடை கூடப் போகலாம்.

பணம் தேவையில்லை. கட்டடம் தேவையில்லை. முதலில் அவன் பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.